சவுலின் கவசமும் தாவீதின் சுரமண்டலமும்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 17:38-40, ஆமோஸ் 6:4-6



இந்த வாரம் நாம் சிந்திக்கப்போகும் காரியம் நம்மிடையே சில மாதங்களாகப் பேசப்பட்டுவருவதே. நம் முன்னோர் பாடிவந்த கீர்த்தனைகளை ஒலிப்பதிவு செய்து வைக்கவேண்டும் என்று கடந்த ஆகஸ்டில் கடலூர் சபையாரும் சிதம்பரம் சபையாரும் ஒருமனமாய்த் தீர்மானித்தோம். எந்த மென்பொருளில் பதிவு செய்வது என்பதில்தான் மனம் இரண்டாயிற்று. கடலூர் வாலிபர் எஃப்.எல். ஸ்டூடியோ வேண்டும் என்றனர்; சிதம்பரத்துப் பாடகர் குழுவினர் கியூபேஸே தகும் என்றனர். பெரியவர்கள் சிலர், "எதில் செய்தால் என்ன, பக்தி இருந்தால் போதும்" என்றனர். கூட்டங்கள் நடந்தன, விலைப்பட்டியல்கள் வந்தன, தீர்மானம் மட்டும் வரவில்லை.

இதற்கிடையில் ஜனவரி மாதத்தில் சிதம்பரம் சபையின் மூத்த தாயார் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெரிய வெள்ளியன்று அவர் பாடும் பாடுமரணக் கீர்த்தனைகளை நீங்கள் அறிவீர்கள். பாட்டுப் புத்தகத்தில் அந்தக் கீர்த்தனைகளின் தலைப்பில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் உண்டு. ஆனால் அவர் தம் தாயாரிடம் கற்ற மெட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை நாம் பதிவு செய்யவில்லை. கூட்டங்களுக்குத் தலைமை வகித்தவன் நான். ஆகவே இந்தத் தாமதத்தில் முதற்பங்கு என்னுடையது.

அடக்க ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் என் மனத்தில் எழுந்த கேள்வி இதுவே: கருவி முக்கியமா, முக்கியமில்லையா? முக்கியம் என்றவர்கள் காத்திருந்தோம். முக்கியமில்லை என்றவர்களும் ஒன்றும் செய்யவில்லை. ஆகவே இக்கேள்விக்கு நம் முன்னோரின் வரலாற்றில் விடை தேடிப் பார்த்தேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, தரங்கம்பாடிக்கு வாருங்கள். சிதம்பரத்திலிருந்து சீர்காழி வழியாகத் தெற்கே போனால் நாம் சேரும் அதே கடற்கரை ஊர். 1706-ம் ஆண்டு சீகன்பால்க் ஐயர் அங்கே வந்து இறங்கினார். தமிழைக் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அதை மக்கள் கையில் கொடுக்க அவருக்கு ஓர் அச்சு இயந்திரம் தேவைப்பட்டது. லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தார் அதை அனுப்பினர். வரும் வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, பிறகே விடுபட்டது. இயந்திரத்தோடு புறப்பட்ட அச்சுத் தொழிலாளி கடற்பயணத்திலேயே மரித்துப்போனார். 1712-ல் இயந்திரம் வந்துசேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் அடுத்து வந்தன. எல்லாம் கைகூடிற்று என்று எண்ணிய வேளையில் ஒரு குறை தெரிந்தது: எழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. அவற்றைக்கொண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் கையிருப்பிலிருந்த காகிதம் போதாது.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஐரோப்பாவுக்கு எழுதிவிட்டுப் புது எழுத்துக்காகக் காத்திருக்கவில்லை. "எழுத்தின் அளவில் என்ன இருக்கிறது, விசுவாசம் போதும்" என்றும் சொல்லவில்லை. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். தரங்கம்பாடிக்கு அடுத்த பொறையாற்றில் காகிதம் செய்யும் ஆலையையும் ஏற்படுத்தினர். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. கருவியின் குறையை அவர்கள் மறைக்கவில்லை. அந்தக் குறையைக் காரணமாக்கி வேலையை நிறுத்தவுமில்லை. கையில் கிடைத்த ஈயம் வசனத்திற்கு ஊழியம் செய்தது.

தரங்கம்பாடியில் ஏற்றப்பட்ட அந்த விளக்கு வடக்கே பரவி 1737-ல் நம் கடலூரிலும் சபை ஊழியமாகத் தொடங்கிற்று. இப்பகுதி அக்காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறிப் போரிட்ட நிலம். 1758-ல் பிரெஞ்சுப் படை கடலூரையும் புனித தாவீது கோட்டையையும் கைப்பற்றியபோது, இங்கே ஊழியம் செய்துவந்த கீர்நாண்டர் ஐயர் ஊரைவிட்டுப் புறப்பட்டுக் கல்கத்தா சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1761-ல் ஆங்கிலேயர் நமக்கு அடுத்த புதுச்சேரியைப் பிடித்தனர். அங்கே கைப்பற்றப்பட்ட பொருள்களில் ஓர் அச்சு இயந்திரமும் இருந்தது. அது சென்னை வேப்பேரியிலிருந்த பப்ரிஷியஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜெர்மானிய ஞானப்பாட்டுகளை நாம் பாடும் தமிழாக்கியவர் அவரே. ஓர் அரசின் ஆணைகளை அச்சிடக்கூடிய அதே இயந்திரம் அவர் கையில் வேதத்தையும் ஞானப்பாட்டையும் அச்சிடும் கருவியாயிற்று. கருவிக்குத் தன்னளவில் பரிசுத்தமும் இல்லை, தீட்டும் இல்லை. அதைப் பிடிக்கும் கையும், அக்கை செய்யும் வேலையுமே அதற்கு மதிப்பைத் தருகின்றன.

ஆனால் ஞானப்பாட்டுகளின் மெட்டு ஐரோப்பிய மெட்டு. தமிழ் இராகத்தில் தேவனைப் பாடும் கீர்த்தனை மரபைத் தழைக்கச் செய்தவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). புதிதாக வந்த மிஷனெரிமார் சிலர் ஆலயத்தில் தமிழ் இசையைத் தடுத்தபோது அவர் எதிர்த்து எழுதினார். அதே காலத்து எழுத்துகளில் அவர் சாதி வேற்றுமைக்கும் ஆதரவாகப் பேசினார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதில் நாம் அவரைப் பின்பற்றக் கூடாது. பாட்டைக் குறித்த அவருடைய வாதமோ நியாயமானது. பின்னாளில் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் சாஸ்திரியாரின் பாடல்களைக் கேட்டு, தொகுத்து, 1853-ல் ஆராதனைக்குரிய கீர்த்தனைப் புத்தகமாக வெளியிட்டார். அவரிடம் ஒலிப்பதிவுக் கருவி ஏதும் இல்லை. எடிசனின் ஃபோனோகிராஃப் வந்ததே 1877-ல்தான். செவியும் எழுதுகோலுமே அவருடைய கருவிகள். பாடுகிறவர் உயிரோடிருக்கும்போதே அவர் அருகே அமர்ந்து கேட்டாரே, அதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

இனி ஆர்மோனியத்திற்கு வருவோம். நம் ஆலயங்களில் பிறந்த கருவிபோல் நாம் எண்ணும் ஆர்மோனியம், 1842-ல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற கருவி. காலால் மிதித்து வாசிக்கும் அதைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி வாசிக்கும்படி 1875-ல் மாற்றியமைத்தவர் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ். அதன்பின் அது பஜனை மடங்களுக்கும், நம் மாவட்டத்துத் தெருக்கூத்து மேடைகளுக்கும், ஓலைக்கூரை வேய்ந்த கிராமத்து ஜெப வீடுகளுக்கும் போயிற்று.

இசை அறிந்தோர் பலர் அதை ஏற்கவில்லை. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிற்று; 1971 வரை அந்தத் தடை நீடித்தது. அந்நியக் கருவி என்ற வெறுப்பு மட்டுமே இதற்குக் காரணமன்று. வயலினும் அந்நியக் கருவிதானே? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. வயலினின் தந்தியில் விரல் வழுக்கிச் செல்லலாம். ஆகையால் தமிழ்ப் பாட்டின் கமகம் முழுவதையும் அது பின்தொடரும். ஆர்மோனியத்திலோ ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஒன்றுமில்லை. நம் இராகங்களின் உயிரோ பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கிறது. எதிர்த்தவர்கள் சொன்னது உண்மையே.

அதை விடாதிருந்தவர்கள் கண்டதும் உண்மையே. சுருதி பிடிக்கத் தெரியாத ஒரு கிராமத்துச் சபைக்கு, குறைந்த பழக்கத்திலேயே சுருதியையும் மெட்டையும் கொடுத்து, எல்லாரையும் ஒரே குரலாய்ப் பாடவைக்கும் கருவியாக அது இருந்தது. பாட்டின் நெளிவு சிலவற்றை அது எடுத்துக்கொண்டது. பாடாதிருந்த வாய்களைத் திறந்தது. எந்தக் கருவியும் இப்படித்தான்: ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்வது இன்னதென்று அறிந்து பயன்படுத்துகிறவனே கருவியை ஆள்கிறான்.

கணினி மென்பொருளிலும் இதே காரியம் மறைந்திருக்கிறது. மின்னிசைக் கருவிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று பேசும்படி 1983-ல் மிடி என்னும் பொதுமுறை வகுக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு சுரமும் ஓர் எண். அந்த எண் கீபோர்டின் ஒரு கட்டையைக் குறிக்கும். ஆர்மோனியத்தின் பன்னிரண்டு கட்டைகளே எண்களாய் மாறிக் கணினிக்குள் புகுந்தன எனலாம். சுரத்தை வளைக்கும் வசதி உண்டு. ஆனால் அதை நாமே தேடி, பொறுமையோடு செய்யவேண்டும். திரையிலுள்ள கட்டங்கள் தாளத்தை நேர்க்கோட்டில் நிறுத்தும். தாளமின்றிப் பாடும் விருத்தத்தை அந்தக் கட்டங்களுக்குள் அடைத்தால் அது விருத்தமாக இராது.

நீங்கள் விவாதித்த மென்பொருள்களையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். எஃப்.எல். ஸ்டூடியோ 1997-ல் பெல்ஜியம் நாட்டில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. தாளக்கட்டுகளைச் சிறு துண்டுகளாக அமைத்து அடுக்குவதே அதன் பிறவிக்குணம். வாலிபர் புதுப் பாடல்களுக்கு இசை அமைக்க அது வசதியாயிருப்பதில் வியப்பில்லை. கியூபேஸ் 1989-ல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வெளியிட்டது. பல குரல்களையும் கருவிகளையும் தனித்தனியே பதிந்து ஒழுங்குபடுத்துவதில் பாடகர் குழுவுக்கு அது உதவும். 2000-ல் வெளிவந்த ஆடாசிட்டியோ இலவசம்; மிடி கொண்டு இசை அமைக்க உதவாது, குரலைப் பதியவும் வெட்டிச் சீராக்கவும் போதுமானது. இவை வெவ்வேறு வேலைக்குரிய வெவ்வேறு கருவிகள். ஆனால் ஒரு முதிய தாயாரின் தனிக்குரலைப் பதிவதற்கு மூன்றில் எதுவும் போதும். நாம் விவாதித்த வேறுபாடுகளில் ஒன்றும் அந்த வேலையைத் தொடவில்லை. கூட்டத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சிதம்பரத்தைக் குறித்து ஒரு வார்த்தை. அங்கே 1929-ல் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரியை நீங்கள் அறிவீர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் சிலர் படித்தும் இருக்கிறார்கள். அப்பல்கலைக்கழகத்தில் 1931-ல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் ஈழத்து மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலாநந்த அடிகள். அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947-ல் வெளிவந்தது. பழந்தமிழர் வாசித்த யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் பிற நூல்களையும் கணிதத்தையும் துணைகொண்டு, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவை எப்படி இருந்திருக்கும், அவற்றின் சுரங்கள் எப்படி அமைந்திருக்கும் என்று அவர் தேடினார்.

நமக்கு அடுத்த தஞ்சையில், கிறிஸ்தவரும் சித்த மருத்துவருமான ஆபிரகாம் பண்டிதர் அவருக்கு முன்பே இத்தேடலில் இறங்கியிருந்தார். 1912-ல் இசை அறிஞருக்கென ஒரு சங்கம் அமைத்து மாநாடுகள் கூட்டி, 1917-ல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். சுருதிகள் இருபத்திரண்டு என்று பலரும் சொல்லிவந்ததை அவர் அப்படியே ஏற்காமல், கணக்கிட்டும் பாடியும் வீணையில் வாசித்தும் ஆராய்ந்தார். கருவியை இவ்வளவு நுட்பமாக மதித்தவர்கள் சிலரே. ஆயினும் அந்த ஆராய்ச்சிக்கு அவரைத் தூண்டியது தமிழர் பாடிய இசையின் மேலிருந்த அன்பே.

இவ்விருவரின் உழைப்பிலிருந்து நாம் கற்பது என்ன? யாழ் மறைந்தது, பண்கள் ஓதுவார் நாவில் தங்கின. கருவி அழிந்தாலும் பாட்டு பிழைக்கும், அதை ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுக்கொடுத்தால். எந்தப் பண்ணுக்குக் கற்கும் செவி கிடைக்கவில்லையோ, அதை மீட்க எந்த ஆராய்ச்சியாலும் கூடாது. சிறந்த கருவியைக் கொண்டும், பாடுகிறவர் போனபின் பதிய ஒன்றுமில்லை.

இப்போது வேதத்திற்குத் திரும்புவோம். சவுல் தன் கவசத்தையும் பட்டயத்தையும் தாவீதுக்குத் தரித்தான். அவை அந்நாட்டிலேயே சிறந்தவை என்பதில் ஐயமில்லை. தாவீது அவற்றைப் போட்டு நடந்து பார்த்தான். தனக்கு அவை பழக்கமில்லை என்று சொல்லிக் களைந்துவிட்டான். ஆனால் வெறுங்கையாகப் போகவில்லை. ஆற்றில் கற்களைத் தேடும்போது கிடைத்ததை அள்ளாமல், வழுவழுப்பான ஐந்தைத் தெரிந்தெடுத்தான். கருவியைத் தெரிவு செய்தான்; தன் கை அறிந்ததைத் தெரிவு செய்தான். அதே தாவீது பிற்காலத்தில் தேவனைத் துதிப்பதற்கென்றே கீதவாத்தியங்களைப் பண்ணுவித்தான் என்று 1 நாளாகமம் 23:5 சொல்கிறது. ஆகவே கருவி முக்கியமில்லை என்று சொல்ல வேதம் நமக்கு இடம் கொடுக்கவில்லை.

ஆயினும் ஆமோஸ் தீர்க்கதரிசியின் எச்சரிப்பும் அதே வேதத்தில் இருக்கிறது. தந்தக் கட்டில்களில் படுத்து, தாவீதைப்போல் தங்களுக்கு வாத்தியங்களை உண்டுபண்ணிப் பாடுகிறவர்களை அவர் கண்டிக்கிறார். அவர்கள் மேல் அவர் சுமத்தும் குற்றம் வாத்தியம் செய்ததன்று. தங்கள் சகோதரனாகிய யோசேப்புக்கு நேரிட்ட கேட்டைக்குறித்து அவர்கள் வருந்தவில்லை என்பதே. தாவீதின் கருவி அவர்களிடம் இருந்தது. தாவீதின் இருதயம் இல்லை. சவுல் கலங்கியபோது அவன் அருகே அமர்ந்து தாவீது சுரமண்டலம் வாசித்தானே, அந்த இருதயம்.

பிரியமானவர்களே, இந்த வசனத்திற்கு முன்பாக நான் நிற்கமுடியாமல் நின்றேன். மென்பொருளின் குணங்களைக் குறித்து எத்தனையோ மணி நேரம் பேசிய நாம், அந்தத் தாயாரின் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கவில்லை. அவர் பாடிய மெட்டு அவரோடு மண்ணுக்குள் போயிற்று. கர்த்தர் அதை அறிவார். பரலோகத்தில் அது கேட்கப்படும் என்று விசுவாசிக்கிறேன். அவருடைய பேரப்பிள்ளைகளோ அதை இங்கே கேட்கமாட்டார்கள்.

நம் சேகரத்தில் இன்னும் இப்படிப்பட்ட பெரியவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஆகையால் வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாலிபர் இருவர் இருவராக அவர்கள் வீடுகளுக்குச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். சட்டைப்பையிலுள்ள கைபேசி போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், கைபேசியைப் பாடுகிறவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள், அவருக்கு ஏற்ற சுருதியில் அவர் பாடட்டும், நீங்கள் தாளம் போடவேண்டாம். பாட்டை யாரிடம் கற்றார், எந்த ஊரில் கற்றார் என்று கேட்டு அதையும் பதியுங்கள். பிறகு அந்த மெட்டை அவர் முன்னிலையிலேயே நீங்களும் ஒருமுறை பாடிக் காட்டுங்கள், தவறினால் திருத்துவார். அதுவே இந்தப் பதிவின் முக்கியமான பகுதி. மென்பொருளைப் பற்றிய தீர்மானத்தை அதன்பின் எடுப்போம். உங்களில் யாருக்கு எது கைப்பழக்கமோ அதிலே அவரவர் வேலை செய்யட்டும்; ஒருவர் மற்றவர்மேல் தம் கவசத்தை மாட்டவேண்டாம்.

ஜெபிப்போம்: எங்கள் பரம பிதாவே, பெசலெயேலைப் பெயர் சொல்லி அழைத்து, கைவேலைக்கு ஞானம் தரும்படி அவனை உம்முடைய ஆவியினால் நிரப்பினீரே, எங்கள் கைகளையும் அவ்விதமே நிரப்பும். கருவியைக் குறித்து நாங்கள் வழக்காடி, மனிதரை மறந்த பாவத்தை மன்னியும். முதியோர் நாவிலுள்ள துதியை இளையோர் செவி பெற்றுக்கொள்ள எங்களுக்குக் காலமும் பொறுமையும் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்